மாங்கிளையில் தொங்கும் பறை

மாயூரத்தில் ஒரு வீட்டுத் திண்ணை. உள்ளே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறார். திண்ணையில் கோபாலகிருஷ்ண பாரதியார் காத்திருக்கிறார். தாம் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்கு ஒரு சிறப்புப்பாயிரம் வேண்டும் என்று பலமுறை நடந்துவிட்டார், கிடைத்தபாடில்லை. எத்தனையோ நூல்களுக்குத் தயங்காமல் பாயிரம் தந்தவர் பிள்ளை. இதற்கு மட்டும் மனம் இடம் கொடுக்கவில்லை. சொற்கள் இலக்கணத்துக்கு அடங்கவில்லை என்பது அவருடைய குறை. காத்திருந்த பாரதியார் தம் கீர்த்தனை ஒன்றைத் தமக்குத்தாமே பாடத் தொடங்கினார். பாட்டு சன்னல் வழியே உள்ளே போனது. பிள்ளை உருகிப்போனார், எழுந்து வந்து பாயிரம் கொடுத்தார். பிள்ளையின் மாணவரும், இளமையில் பாரதியாரிடம் சில காலம் சங்கீதம் பயின்றவருமான உ.வே. சாமிநாதையர் எழுதிவைத்த சம்பவம் இது.

சபைகளில் இந்தக் கதையைப் பக்தியின் வெற்றியாகச் சொல்வதுண்டு. எழுத்தாளர்கள் இதை வேறு விதமாகவும் படிக்கலாம். பிள்ளை ஏட்டில் பார்த்ததும் காதால் கேட்டதும் ஒரே படைப்பு. ஏட்டில் அது பிழை மலிந்த செய்யுள். குரலில் அது நந்தன். பாரதியார் கண்ணுக்காக எழுதவே இல்லை. எந்த ஊடகத்துக்காக எழுதப்பட்டதோ அதில் வைத்துக் கேட்டபிறகுதான் அந்தப் படைப்பு என்ன என்பது பிள்ளைக்கே தெரிந்தது.

பாரதியார் பிறந்த நரிமணம், கீழ்வேளூருக்கு வடக்கே இருக்கிறது. இன்று அந்தப் பெயரைச் சொன்னால் எண்ணெய்க் கிணறுதான் நினைவுக்கு வரும். கீழ்வேளூரை அக்கம்பக்கத்தார் கீவளூர் என்பார்கள். திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் ரயிலும் பஸ்ஸும் நிற்கும் சிறிய ஊர். யானை ஏற முடியாத உயரத்தில் கட்டிய கேடிலியப்பர் மாடக்கோயில். சுற்றிலும் குறுவை, சம்பா, தாளடி என்று வருஷத்தை நெல்லால் எண்ணும் வயல்கள். ஊரிலிருந்து தெற்கே இறங்கினால் தேவூர்ப் பக்கம் கீழ்வெண்மணி. இன்னும் தெற்கே மு. கருணாநிதி பிறந்த திருக்குவளை. ஒரே நாளில் சைக்கிளில் சுற்றி வந்துவிடக்கூடிய இந்த வட்டாரம், ஒரு கதை ஊடகம் மாறும்போது அதற்கு என்ன நேர்கிறது என்று பார்க்க ஏற்ற இடம். இங்கே உருவான இரண்டு கதைகளிலும் நடுவில் நிற்பவன் வயலில் வேலை செய்யும் மனிதன். இரண்டிலும் முடிவு தீ.

முதல் கதை ஒரு பெயரிலிருந்து தொடங்குகிறது. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் திருநாளைப்போவார் என்று ஓர் அடியாரைக் குறிக்கிறார். நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று தில்லை என்னும் சிதம்பரத்தை நினைத்தே நாளைக் கழித்தவர் என்பதால் வந்த பெயர். பெயருக்குள்ளேயே கதை சுருண்டு கிடக்கிறது. நம்பியாண்டார் நம்பி அதைக் கொஞ்சம் விரித்தார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில், நாற்பதுக்கும் குறைவான பாடல்களில், அதை நந்தன் என்பவனின் முழு வாழ்க்கையாக்கினார்.

சேக்கிழார் முதலில் ஆளைக் காட்டவில்லை, இடத்தைக் காட்டுகிறார். ஆதனூர்ப் புலைப்பாடியின் கூரைகளில் சுரைக்கொடி படர்ந்திருக்கிறது. முற்றத்தில் தோல்வார் கிடக்கிறது. இரும்புக் காப்பு அணிந்த சிறுவர்கள் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அரையில் கட்டிய மணிச் சத்தத்தில் குட்டியின் மெல்லிய குரைப்பு அமுங்கிப்போகிறது. மாமரக் கிளையில் பறை தொங்குகிறது. சோழ அரசின் உயர்பதவியில் இருந்தவர், சேரிக்குள் ஒரு கேமராவை எடுத்துப்போனதுபோல இதை எழுதியிருக்கிறார். காப்பியம் என்ற வடிவம் அதைக் கேட்டது: நாட்டையும் ஊரையும் சொல்லிவிட்டுத்தான் மனிதனிடம் வர வேண்டும். சோழநாட்டு வளத்தைப் பாடும் அதே மரபு, சேரியைப் பாட வந்தபோது சேரியை உற்றுப் பார்த்தது.

சேக்கிழாரின் நந்தனுக்கு ஆண்டை இல்லை. ஊருக்குச் செய்யும் தொழிலுக்காக விடப்பட்ட பறைத்துடவை நிலம்தான் அவனுக்குச் சோறு. கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுக்கிறான். அவன் தோலால் ஆன வாத்தியம் கோயிலுக்குள் போகும். அவன் போக முடியாது. அவனுடைய தடை சாதியின் தடை மட்டுமே. போகாதே என்று வாய்விட்டுச் சொல்ல அங்கே ஒரு பாத்திரம் இல்லை.

ஏழு நூற்றாண்டுக்குப் பிறகு கோபாலகிருஷ்ண பாரதியார் அந்தப் பாத்திரத்தை உண்டாக்கினார். அதுதான் வேதியர், நந்தனின் ஆண்டை. சிதம்பரம் போக உத்தரவு கேட்கும் பண்ணையாளிடம், நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார் அவர். வேலி என்றால் ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். நாற்பது வேலி இருநூற்று அறுபது ஏக்கருக்கு மேல். ஒரே இரவில் இறைவன் அருளால் வேலை முடிந்துவிடுகிறது; மறுநாள் வேதியர் நந்தன் காலில் விழுகிறார். இதில் ஒன்றுகூடப் பெரியபுராணத்தில் இல்லை. ஆனாலும் இன்று நந்தன் கதை என்றதும் தமிழர் மனத்தில் முதலில் வருவது இந்தக் காட்சிதான்.

வேதியர் ஏன் தேவைப்பட்டார்? பாரதியார் பார்த்த தஞ்சாவூர் மிராசுதார்களும் பண்ணையாட்களும் நிறைந்த தஞ்சாவூர் என்பது ஒரு பதில். கோயிலுக்குத் தோல் கொடுத்தவன் அங்கே நாற்று நட்டுக் கதிர் அறுக்கும் அடிமையாக மாறியது அதனால்தான். தோல் பின்னுக்குப் போய் வயல் முன்னுக்கு வந்தது. இன்னொரு பதில் அவர் எடுத்துக்கொண்ட கலையில் இருக்கிறது. கதாகாலட்சேபம் என்றால் ஒரு பாகவதர், பக்கத்தில் மிருதங்கம், எதிரே விடியும்வரை கேட்க வந்த கூட்டம். ஒரே ஆள் பல பேராக மாறிப் பேச வேண்டும். மனத்துக்குள் ஏங்கும் ஒரு பக்தனை வைத்துக்கொண்டு இரவு முழுதும் கதை நடத்த முடியாது. மறுத்துப் பேச ஒருவர் வேண்டும். கேட்பவன் ஒரு மெட்டு, மறுப்பவர் ஒரு மெட்டு. இடையில் சேரிப் பெரியவர்களின் கண்டிப்பு வேறு. நொண்டிச் சிந்து, கும்மி, ஆனந்தக் களிப்பு என்று நாட்டு மெட்டுகளும் ராகக் கீர்த்தனைகளும் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாறுகின்றன. ஆண்டையின் அதட்டலும் ஆளின் கெஞ்சலும் பேச்சு வழக்கிலேயே இருந்தால்தான் கூட்டம் சிரிக்கும், அழும். மகாவித்துவான் பிழை என்று கண்டது, மேடைக்குத் தேவையாக இருந்த அந்த வாய்மொழியைத்தான்.

காரைக்காலில் பிரெஞ்சு அரசு அதிகாரியாக இருந்த சீசே என்பவரின் ஆதரவில் 1861-62 வாக்கில் கீர்த்தனை அச்சேறியது. அதன் பிறகு தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் போன்றவர்கள் மராட்டியக் கீர்த்தன் முறையோடு கலந்து கதாகாலட்சேபத்தைப் பெரிய சபைக் கலையாக வளர்த்தபோது, நந்தனார் சரித்திரம் அதன் தவிர்க்க முடியாத கதையாயிற்று.

ஒருவர் தன் நிலத்தில் வேலை செய்யும் ஆளின் காலில் விழுகிறார் என்பதைப் பாகவதர் பாடும்போது, விழுவது யார்? யாரும் இல்லை. அதே குரல் நந்தனாகவும் வேதியராகவும் இருக்கிறது. விழுதல் ஒரு ராகத்துக்குள் நடந்து முடிகிறது. சினிமா வந்ததும் அந்த வசதி போயிற்று. இப்போது இரண்டு உடம்புகள் வேண்டும். ஒன்று நிற்க வேண்டும், இன்னொன்று மண்ணில் விழ வேண்டும்.

1935இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். கணவர் கிட்டப்பா இறந்த பிறகு வெள்ளைச் சேலையோடு ஒதுங்கியிருந்தவரைத் திரும்ப வரவழைக்க அன்று யாரும் கேள்விப்படாத ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். வேதியராக மகாராஜபுரம் விசுவநாத ஐயர். கர்நாடக இசையின் உச்சியில் இருந்த ஒரு பிராமண வித்துவானும், ரயிலில் பாடிப் பிழைத்து மேலே வந்த ஒரு பெண்ணும், ஆண்டையும் ஆளுமாக ஒரே சட்டகத்தில் நின்றார்கள். ஆனந்த விகடனில் கல்கி அந்தப் படத்தைக் கடுமையாக விமர்சித்தார். படம் எப்படி இருந்தாலும், அந்த இருவரையும் எதிரெதிரே நிறுத்தியதே கீர்த்தனையால் ஆகாத காரியம். 1942இல் ஜெமினி எடுத்த 'நந்தனார்' படத்தில் திருச்செங்காட்டங்குடியில் பிறந்த ஓதுவார் மரபினரான தண்டபாணி தேசிகர் நந்தனார். செருகளத்தூர் சாமா வேதியர். தேவாரம் ஓதிப் பழகிய குரலில் நந்தன் பாடியபோது, சேக்கிழார் காலத்து ஓசையும் பாரதியார் மெட்டும் கொட்டகைக்குள் ஒன்றாகக் கேட்டன.

சினிமா ஒரு கதையிடம் உடம்பைக் கேட்பதுபோல இடத்தையும் கேட்கிறது. திருக்குவளைக்காரர் எழுதிய 'மந்திரிகுமாரி' இதற்கு நல்ல சான்று. முழுதாகக் கிடைக்காமல் போன குண்டலகேசிக் காப்பியத்தின் கதை அது. தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துப்போகும் கணவனை, வலம் வந்து வணங்குவதாகச் சொல்லி மனைவி தள்ளிவிடுகிறாள். கருணாநிதி இதை முதலில் மேடை நாடகமாக எழுதினார். 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாக்கியது. மேடையில் மலையுச்சி ஒரு திரைச்சீலைதான். அங்கே வசனம்தான் காட்சியைத் தாங்க வேண்டும், தாங்கியது. திரையில் மலை மலையாகவே இருந்தது. அதனால் கொல்ல நினைத்தவனும் அவனால் கொல்லப்பட இருந்தவளும் சேர்ந்து நடக்கும் அந்த ஏற்றத்தைத் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய ஒரு காதல் பாட்டு எடுத்துக்கொண்டது. அடுக்கு வசனத்துக்குப் பேர்போன எழுத்தாளர் வாயை மூடிக்கொண்டு பாட்டுக்கும் பாறைக்கும் வழிவிட்ட இடம். அந்தப் பாட்டை இன்றும் பலர் முணுமுணுக்கிறார்கள்.

வங்காளத்திலும் இப்படி ஓர் இடம் உண்டு. விபூதிபூஷணின் 'பதேர் பாஞ்சாலி' நாவலில் துர்கா ரயிலைப் பார்க்காமலேயே செத்துப்போகிறாள். அந்த ஏக்கம்தான் நாவலின் வலி. 1955இல் சத்யஜித் ராய் படமாக்கியபோது அக்காளும் தம்பியும் நாணல் பூக்களுக்கு நடுவே ஓடி ரயிலைப் பார்த்துவிடுகிறார்கள். பார்க்காமல் போனதை நாவல் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடும். திரையில் ஒன்றைக் காட்டாமல் இருந்தால் அது ஏக்கமாகப் பதியாது, வெறுமனே இல்லாமல் போய்விடும். ராய் கதைக்கு எதிராகப் போனதுபோலத் தெரிந்தாலும் கதையின் பக்கம்தான் நின்றார்.

தமிழிலும் நந்தனை ஒரு ரயில் சந்தித்திருக்கிறது. மணிக்கொடிக் காலத்தில் புதுமைப்பித்தன் எழுதிய 'புதிய நந்தன்' சிறுகதையில் அதே ஆதனூர், அதே சேரி. ஆனால் காந்தியும் சுயமரியாதை இயக்கமும் வந்துவிட்ட ஊர். தண்டவாளத்தில் போகும் கிழவர் கருப்பனைக் காப்பாற்ற ஐயர் வீட்டு இளைஞனும் கிழவரின் மகனும் ஓடுகிறார்கள். ரயில் மூவரையும் அடித்துவிட்டுப் போகிறது. பழைய கதையில் நந்தன் தில்லையில் இறங்கிய தீ இருந்த இடத்தில் ரயில். இறைவன் இருந்த இடத்தில் எதுவும் இல்லை. சில பக்கங்களில் முடிந்துவிட வேண்டிய சிறுகதைக்கு ஆண்டையின் மனமாற்றத்தைச் சொல்ல அவகாசம் கிடையாது. ஒரே அடியில் முடிகிற வடிவம், ஒரே அடியில் முடிகிற சாவைத் தேர்ந்துகொண்டது.

இரண்டாவது கதை புராணத்திலிருந்து வரவில்லை. 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு கீழ்வெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் குடிசையோடு எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். பின்னணி கூலித் தகராறு. 1940களிலிருந்தே பி. சீனிவாசராவ் போன்றவர்கள் இங்கே பண்ணையாட்களைத் திரட்டி, சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராகச் சங்கம் கட்டியிருந்தார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்திருந்தது. 1960களில் புது ரக நெல்லும் உரமும் வந்து விளைச்சல் கூடியபோது, களத்துமேட்டில் அளக்கும் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள் தொழிலாளர்கள். நிலக்காரர்கள் தனிச் சங்கம் வைத்து வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். அதன் முடிவு அந்த இரவு.

இந்தக் கதையை முதலில் எழுதியவர்களில் ஒருவர் மைதிலி சிவராமன். சம்பவம் நடந்த சில வாரங்களில் ஊருக்குப் போய், உயிர் தப்பியவர்களிடம் கேட்டு, ஆங்கிலத்தில் கட்டுரைகளாக எழுதினார். கதையைச் சொல்லும் வேறொரு வடிவமும் விரைவில் வந்தது: தீர்ப்பு. 1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் நிலக்காரர்களைத் தண்டித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பெரும் நிலமும், ஒருவரிடம் காரும்கூட இருக்கும் பணக்காரர்கள் தாங்களே நடந்து வந்து குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியது. நீதிமன்றத்துக்கு அதன் கதை இலக்கணம் உண்டு: யார் பார்த்தார், எவ்வளவு தூரத்தில், எந்த வெளிச்சத்தில். அந்த இலக்கணத்துக்குள் 44 பேரின் சாவு இருந்தது, கொன்றவர்கள் இல்லாமல் போனார்கள். அதற்குப் பிறகு வெண்மணியை எழுதிய ஒவ்வொருவரும் அந்த வெற்றிடத்துக்குத்தான் பதில் சொல்ல முயன்றார்கள்.

1975இல் இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' வந்தது. கும்பகோணத்தில் வளர்ந்து தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர் அவர். தில்லியை விட்டுக் கிராமத்துக்கு வந்துவிட்ட கோபால், அவனைத் தேடி வரும் சிவா, டீக்கடை வடிவேலு, பொதுவுடைமைக்காரர் ராமையா, நிலக்காரர் கண்ணையா நாயுடு என்று நாவல் நகர்கிறது. வெளியிலிருந்து வந்த படித்தவர்களின் கண்ணும் பேச்சும்தான் அதை நடத்திச் செல்கின்றன. நிலக்காரரின் கொடுமைக்கு வேரை அவருடைய ஆண்மைக் குறைவில், அதை மறைக்கும் வெறியில் தேடுகிறது நாவல். 1977இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இடதுசாரி விமர்சகர்களின் கோபமும் கிடைத்தது. அரைப்படி நெல்லுக்காக நடந்த கொலையை ஒரு தனி மனிதனின் உடற்குறைக்குள் சுருக்கிவிட்டார் என்றார்கள்.

அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. எரிந்தவர்களின் நாக்கில் அந்த நாவல் அதிகம் பேசவில்லை. அவர்களின் பசி அதில் காட்சியாக இருக்கும் அளவுக்கு அனுபவமாக இல்லை. ஆனால் அதை ஆசிரியரின் கட்சிப் பிழையாக மட்டும் பார்த்தால் போதாது. அன்று அவர் கையாண்ட நவீன நாவல் வடிவம், ஏன் செய்தான் என்ற கேள்வியை மனத்துக்குள் இறக்கிவிடும். கீர்த்தனை மறுக்கும் ஒரு குரலைக் கேட்டு வேதியரைப் பெற்றுக்கொண்டதுபோல, நாவல் ஓர் உள்மனத்தைக் கேட்டு நாயுடுவின் இரகசியத்தைப் பெற்றுக்கொண்டது.

இதை உறுதிப்படுத்துவது அவருடைய பின்னாளைய படைப்பு ஒன்று. மூன்றே ஆண்டுகளில், 1978இல், அவர் 'நந்தன் கதை' நாடகத்தை எழுதினார். வெண்மணியை எழுதிய கை நந்தனை எடுத்தது தற்செயல் என்று கொள்ள முடியவில்லை. அந்த நாடகத்தில் தில்லைத் தீ தெய்வச் செயல் அல்ல. ஆதிக்க சாதியினர் தங்கள் பகையை ஒதுக்கிவைத்துவிட்டுச் சேர்ந்து விரித்த வலை. நந்தன் பக்தியால் தீக்குள் போகவில்லை, ஏமாற்றப்பட்டுப் போகிறான். இங்கே யாருடைய அந்தரங்கக் குறையும் காரணமாக வரவில்லை. மேடையில் மனத்துக்குள் எட்டிப்பார்க்க வழியில்லை. சதி செய்பவர்கள் ஒருவரோடு ஒருவர் வாய்விட்டுப் பேசியாக வேண்டும், அதைப் பார்வையாளர் கேட்டாக வேண்டும். நாவலில் நோயாக இருந்தது நாடகத்தில் ஏற்பாடாக மாறிவிட்டது. வெண்மணியைப் பற்றி அவர் சொல்ல வேண்டியிருந்ததை வெண்மணியின் பெயரே வராத இந்த நாடகம்தான் கூர்மையாகச் சொல்கிறது என்று படுகிறது. ஒரு வடிவத்தில் எட்டாததை எழுத்தாளர் இன்னொரு வடிவத்தில் எட்டிப்பிடித்தார்; அதற்கு அவர் கதையையே மாற்ற வேண்டியிருந்தது.

'குருதிப்புனல்' நாவலைத் தழுவி ஸ்ரீதர் ராஜன் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' படத்தை எடுத்தார். அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதைப் பெற்றது அது. 1995இல் கமல்ஹாசன் நடித்து வந்த 'குருதிப்புனல்' படத்துக்கும் இந்த நாவலுக்கும் சம்பந்தமில்லை. பலர் குழம்புவதால் சொல்ல வேண்டியிருக்கிறது. நாவலின் தலைப்பு நடந்துவிட்ட ஒன்றைச் சுட்டும் பெயர். ஸ்ரீதர் ராஜன் படத்தின் தலைப்பு நடக்கப்போவதைச் சொல்லும் எச்சரிக்கை. தனியாக உட்கார்ந்து படிப்பவனுக்கு ஒன்று, கொட்டகையில் கூட்டமாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு இன்னொன்று.

தில்லிக் கண்ணுக்குப் பதில் இந்த மண்ணின் கண்ணால் வெண்மணியைப் பார்க்க இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று. திருவாரூர்ப் பக்கத்து எழுத்தாளர் சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' 1999இல் வந்தது. அதில் வெளியூர்ப் படித்தவர் வழிகாட்டி இல்லை. நடவும் அறுப்பும் கூலி அளக்கும் மரக்காலும் கீழத்தஞ்சைப் பேச்சும் கதையைச் சுமக்கின்றன. அங்கே ஒரு போராட்டம் எப்படி மூண்டது என்பதைக் களத்துமேட்டின் கணக்கே சொல்லிவிடுகிறது. யாருடைய மனத்தையும் தோண்ட வேண்டியிருக்கவில்லை. நாவல் வடிவம் தானாகவே உள்மனத்துக்கு இழுக்கும் என்றால், அந்த இழுப்புக்கு எதிராக வட்டார மொழியைக் கட்டிவைத்தார் அவர். பாட்டாளி எழுதிய 'கீழைத்தீ'யும் இந்த வரிசையில் வரும்.

2005இல் பாரதி கிருஷ்ணகுமார் 'ராமையாவின் குடிசை' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். நாவல்கள் புனலையும் நெல்லையும் தலைப்பாக வைத்தபோது இவர் ஒரு குடிசையை வைத்தார். கதை நடந்த சதுரம் அதுதான். உயிர் தப்பியவர்கள், சொந்தங்களை இழந்தவர்கள், எதிர்த்தரப்பில் இருந்தவர்கள் என்று பலரைக் கேமராவுக்கு முன் பேசவைத்தார். எழுத்தில் சாட்சி ஒரு வாக்கியம். படத்தில் சாட்சிக்கு வயது தெரியும், கை நடுக்கம் தெரியும், சொல்லிக்கொண்டே வந்து பாதியில் நிறுத்தும் மூச்சு தெரியும். உயர்நீதிமன்றத் தீர்ப்பு நம்பக் கடினம் என்று விலக்கிவைத்த வாய்மொழிகளுக்கு, சம்பவம் நடந்து 37 ஆண்டுக்குப் பிறகு, ஒரு முகம் கிடைத்தது. ஆவணப்படம் தீர்ப்பை மாற்றாது. ஆனால் கேட்பவர் நீதிபதியாக இருந்து கேட்பதற்கும், எதிரே உட்கார்ந்து கேட்பதற்கும் உள்ள தூரத்தை அது காட்டிவிட்டது.

மீனா கந்தசாமி 2014இல் ஆங்கிலத்தில் எழுதி, பிரேமா ரேவதி 'குறத்தியம்மன்' என்று தமிழாக்கிய நாவல், இத்தனை வடிவங்களுக்கும் பிறகு வருகிறது என்ற உணர்வோடேயே எழுதப்பட்டது. மனுக்கள், பட்டியல்கள், வாக்குமூலத் தொனி என்று நாவலுக்குள் வேறு வடிவங்களை அடுக்கிக்கொண்டு, இதை நாவலாகச் சொல்வதே சரியா என்று நாவலே நடுவில் கேட்கிறது. சில வாசகர்களுக்கு அந்த இடையூறு எரிச்சலூட்டும். ஆனால் அடக்கமாக, அழகாக, ஒரே ஓட்டத்தில் வெண்மணியைச் சொல்லிவிட்டால் படித்து மூடிவைத்துவிடுவார்கள் என்ற பயம் அதன் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு.

வெண்மணித் தீ டெல்டாவைத் தாண்டியும் போனது. பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்த கரிசல்காட்டு நாவல். கொலை செய்துவிட்டுத் தலைமறைவாகும் சிறுவனும் அவன் தகப்பனும் காட்டிலும் ஓடையிலும் கழிக்கும் சில நாட்கள்தான் கதை. வெற்றிமாறன் 2019இல் அதை 'அசுரன்' ஆக்கியபோது தகப்பனின் இளமைக்காலம் என்று ஒரு முன்கதையைச் சேர்த்தார். அதில் குடிசைகள் ஆட்களோடு எரிக்கப்படுகின்றன. நாவலில் அது கிடையாது. பார்த்தவர்கள் உடனே வெண்மணியை நினைத்தார்கள். நாவலின் தகப்பன் ஏன் அவ்வளவு நிதானமாக இருக்கிறான் என்பது வரிகளுக்கு நடுவில் கசிந்துகொண்டே இருக்கும். படத்துக்கு அந்த நிதானத்தின் காரணம் கண்முன் எரிய வேண்டியிருந்தது. பூமணியின் அமைதியை விரும்பும் வாசகருக்கு இது இழப்பு. ஆனால் வெண்மணி என்ற பெயரையே கேட்டிராத ஒரு தலைமுறை திரையரங்கில் அந்தத் தீயைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்தால், அந்த இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம்.

சேக்கிழாரிலிருந்து இதுவரை வந்த எல்லாரும் எதையோ சேர்த்தார்கள்: ஆண்டையை, உடம்பை, ரயிலை, உள்மனத்தை, சதியை, மரக்காலை, முகத்தை. விடுபட்டது என்ன என்று பார்த்தால் பார்வை முதல் காட்சிக்கே திரும்புகிறது. சுரைக்கொடிக் கூரை, முற்றத்துத் தோல்வார், மாங்கிளையில் தொங்கும் பறை. பாரதியார் நந்தனை வயலுக்கு அழைத்துப்போன பிறகு அந்தத் தோல் கதையின் ஓரத்துக்குப் போய்விட்டது. ஆனால் கதை சொல்லப்பட்ட மேடையை விட்டு அது போகவே இல்லை. நந்தனார் சரித்திரம் பாடிய ஒவ்வொரு பாகவதர் பக்கத்திலும் ஒரு மிருதங்கம் இருந்தது. பலாமரக் கட்டைக்கு மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் போர்த்தி, எருமைத் தோல் வாரால் இழுத்துக் கட்டியது. கோயில் பேரிகைக்கு நந்தன் கொடுத்த அதே பொருட்கள், அவன் உள்ளே விடப்படாத கதையைப் பாட உதவிக்கொண்டிருந்தன.

2020இல் டி.எம். கிருஷ்ணா தஞ்சாவூர் செபாஸ்டியன் குடும்பம் உள்ளிட்ட மிருதங்கம் செய்யும் தலித் கிறிஸ்தவக் கைவினைஞர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பாடகர் ஒருவர் எழுத்துக்கு வந்து, மேடையில் தமக்குப் பக்கத்தில் இருந்த வாத்தியத்தைப் பின்தொடர்ந்து போய், அது எங்கே யாரால் உரிக்கப்பட்டு ஊறவைக்கப்பட்டு வெட்டப்பட்டது என்று கேட்டார். நந்தன் பெயரைச் சுமக்காத அந்த நூலை நந்தன் கதையின் பக்கத்தில் வைத்தால் சேக்கிழார் விட்ட இடத்திலிருந்து அது தொடங்குவது தெரியும். மிருதங்கம் செய்பவர் வாரை ஒவ்வொரு கண்ணாக இறுக்கிவிட்டு, வலந்தலையை ஒருமுறை தட்டி, காதை அதன் பக்கம் சாய்த்து, சுருதி சேராத இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே விளிம்பைக் கல்லால் மெல்ல அடிக்கிறார். மறுபடி தட்டுகிறார். மறுபடி காதைச் சாய்க்கிறார்.